75 செட்டோடு ஒரு மே மாத வாரயிறுதி

வியாழன் இரவு, பியாட்ரிஸ்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சின்ன ஊர்களில் மே மாதத்தின் கடைசி வாரயிறுதி பழைய மாணவர்களுடையது. கடைசித் திங்கட்கிழமை மெமோரியல் டே. சட்டப்படி அது போரில் உயிரிழந்தவர்களுக்கான நாள். ஊர்க்காரர்கள் அன்று அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என்று எல்லோருடைய கல்லறைக்கும் பூ எடுத்துப் போகிறார்கள். பிழைப்புக்காக வெளியே போனவர்கள் எப்படியும் அந்த மூன்று நாளில் ஊருக்கு வருவார்கள் என்பதால், உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர் விருந்தையும் சனிக்கிழமை இரவே வைத்துவிடுகிறார்கள். ஏதோ ஒரு செட்டுக்கு மட்டும் என்றில்லை. அந்தப் பள்ளியில் படித்து உயிரோடு இருக்கிற எல்லா செட்டும் ஒரே கூடத்தில் உட்காரும்.

ஒமாஹாவில் என் பக்கத்து வீட்டம்மா அப்படி ஒரு பள்ளியில் 1975-ல் முடித்தவர். இது 2025, அவர்கள் செட்டுக்குப் பொன்விழா ஆண்டு. சமீபத்தில்தான் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, நெடுஞ்சாலையில் வண்டி ஓட்ட இன்னும் அனுமதியில்லை. "நான் ஓட்டுகிறேன், என்னையும் விருந்துக்குக் கூட்டிப் போங்கள்" என்று கேட்டேன். உடனே சம்மதித்தார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். நேராக ஊருக்குப் போகக்கூடாது, முதலில் ரெட் கிளவுட் போக வேண்டும். 1975 வசந்த காலத்தில் ஆங்கில ஆசிரியை வகுப்பு முழுவதையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி அங்கேதான் அழைத்துப் போனாராம். வகுப்பு முழுவது என்றால் 17 பேர்.

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 81-ம் எண் நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி இருக்கிற ஊர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பள்ளி இப்போது இல்லை. பக்கத்து ஊர்களின் பள்ளிகளோடு சேர்த்துவிட்டார்கள்.

லிங்கனில் நிற்கவில்லை. தலைநகரின் 400 அடி சட்டமன்றக் கோபுரம் வெகுதூரம் கூடவே வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். 77-ம் எண் சாலையில் தெற்கே இறங்கி, மாலைக்குள் பியாட்ரிஸ் வந்துவிட்டோம். இங்கே நிற்பது என் விருப்பம். ஊருக்கு மேற்கே ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. 1862-ம் ஆண்டுச் சட்டப்படி, குடியேறி ஐந்து வருடம் வாழ்ந்து உழுது காட்டினால் 160 ஏக்கர் நிலம் சொந்தம். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி முதல் தேதியிலேயே பதிவு செய்த டேனியல் ஃப்ரீமேனின் நிலம்தான் இந்தப் பூங்கா. அதற்குப் பக்கத்தில் ஃப்ரீமேன் பள்ளி. சிவப்புச் செங்கல், ஒரே அறை. 1872 முதல் 1967 வரை பாடம் நடந்திருக்கிறது. எட்டு வகுப்புப் பிள்ளைகளும் அந்த ஒரே அறையில், ஒரே ஆசிரியையிடம். ஆசிரியை வகுப்பில் பைபிள் வாசித்து ஜெபிக்க வைத்தார் என்று இதே ஃப்ரீமேன் வழக்குப் போட, அது மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1902-ல் தீர்ப்பானது.

பக்கத்து வீட்டம்மா ஒரு சின்ன மேசையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவருடைய அம்மா இதைப் போன்ற வேறொரு ஓரறைப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். அதற்கு மேல் படிக்க வேண்டும் என்றால் ஊருக்குள் வந்து யார் வீட்டிலாவது தங்க வேண்டும். பாத்திரம் கழுவி, அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் சாப்பாடும் படுக்கையும். பண்ணைப் பிள்ளைகள் பலருக்கு உயர்நிலைப் பள்ளி என்பது அப்படிக் கிடைத்ததுதான். "நான்கு வருடம் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் தூங்கி அம்மா வாங்கிய சான்றிதழ். எனக்கு அது பஸ் ஏறினாலே கிடைத்தது" என்றார்.

1930 வாக்கில் அமெரிக்காவில் இப்படிச் சுமார் ஒன்றரை லட்சம் ஓரறைப் பள்ளிகள் இருந்தன. இப்போது மிகச் சிலவே மிச்சம். பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாக அமைப்புகளான பள்ளி மாவட்டங்களும் அப்படித்தான்: 1940 வாக்கில் 1,17,000-க்கும் மேல், இன்று சுமார் 13,000. முதலில் ஓரறைப் பள்ளிகள் ஊர்ப் பள்ளியில் கரைந்தன, பிறகு ஊர்ப் பள்ளிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. நாங்கள் போய்ப் பார்க்கப் போகிற ஊர் அந்த இரண்டையும் பார்த்துவிட்டது.

வெள்ளி இரவு, ரெட் கிளவுட்

இன்று முழுக்க 136-ம் எண் சாலை. பியாட்ரிஸிலிருந்து மேற்கே ஒரே கோடாகப் போகிறது. சோளம் முளைத்து விரல் நீளம்தான் வந்திருக்கிறது, அதனால் மண்ணின் ஏற்ற இறக்கம் எல்லாம் தெரிகிறது. ஒவ்வொரு ஊரும் வருவதற்கு முன்பே தானியக் களஞ்சியத்தின் வெள்ளைத் தூண்கள் தெரிகின்றன, அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம்தான் வீடுகள்.

வயல்களைப் பார்த்ததும் பக்கத்து வீட்டம்மாவின் பேச்சு ஜூலை மாதத்துக்குப் போய்விட்டது. விதைச்சோளம் விளைவிக்கிற வயல்களில் ஒரு ரகத்தை இன்னொரு ரகத்தோடு கலக்க வைப்பார்கள். அதற்காக, தாய்ச்செடி வரிசைகளில் உச்சியிலிருக்கும் ஆண் பூங்கதிரை மகரந்தம் உதிர்வதற்குள் கையால் பிடுங்கிவிட வேண்டும். இந்த வேலையைப் பல தலைமுறைகளாகப் பள்ளிப் பிள்ளைகளே செய்துவருகிறார்கள். விடியற்காலையில் பஸ் வரும். பனியில் நனைந்த இலைகளுக்குள் நுழைந்தால் பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் ஈரம். மத்தியானம் வெயில் கொதிக்கும். சோளத் தோகை கையைக் கீறிவிடும் என்பதால் அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டைதான். "என் வகுப்பில் யார் எப்படிப்பட்டவர் என்று நான் தெரிந்துகொண்டது வகுப்பறையில் இல்லை, அந்த வரிசையில்தான். தன் வரிசையை முடித்துவிட்டு அடுத்தவர் வரிசைக்குள் எதிர்ப்பக்கமாக வந்து கைகொடுப்பவர் யார், பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொள்பவர் யார் என்று அங்கே தெரிந்துவிடும்" என்றார்.

இங்கே பண்ணைப் பிள்ளைகளுக்கு 14 வயதிலேயே பள்ளிக்கு மட்டும் வண்டி ஓட்டிப் போகத் தனி அனுமதிச் சீட்டு உண்டு. வழியில் ஒரு பையன் பழைய பிக்கப் ஒன்றை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தான். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொன்னான். முன்பின் தெரியாதவர்களுக்கும் எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள். நானும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

மத்தியானம் ஹெப்ரன். பூங்காவில் உலகிலேயே பெரியது என்று ஊர்க்காரர்கள் சொல்கிற தாழ்வார ஊஞ்சல் இருக்கிறது, ஒரு பெரிய குடும்பமே உட்காரலாம். நான் வந்தது அதற்காக இல்லை. ஆறு பேர் கால்பந்து பிறந்த ஊர் இது.

அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு பக்கம் 11 பேர் வேண்டும். 1930-களின் பஞ்ச காலத்தில், பள்ளியிலேயே பையன்கள் இருபது பேர்கூட இல்லாத ஊர்கள் என்ன செய்யும்? இங்கிருந்து தெற்கே கன்சாஸ் எல்லையை ஒட்டிய செஸ்டர் ஊரின் ஆசிரியர் ஸ்டீஃபன் எப்லர், ஆறு பேருக்கான ஆட்டத்தை வகுத்தார். மைதானம் 80 கஜம் நீளம், 40 கஜம் அகலம். பந்தைப் பிடிக்க ஆறு பேருக்கும் உரிமை உண்டு. பெரிய ஆட்டத்தில் காலமெல்லாம் முட்டி மோதுவது மட்டுமே வேலையாக இருக்கும் நடுவரிசைப் பையனும் இதில் பந்தோடு ஓடலாம். 1934 செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு, விளக்கு வெளிச்சத்தில், ஹெப்ரன் மைதானத்தில் முதல் ஆட்டம். ஹார்டி, செஸ்டர் ஊர்ப் பையன்கள் ஒரு பக்கம். பெல்விடெர், அலெக்சாண்ட்ரியா ஊர்ப் பையன்கள் இன்னொரு பக்கம். 19-19 என்று சமநிலையில் முடிந்தது. நெப்ராஸ்காவில் இன்றும் ஆறு பேர் ஆட்டமும் எட்டு பேர் ஆட்டமும் நடக்கின்றன.

எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஆள் இல்லை என்று ஒரு பள்ளியை ஆட்டத்திலிருந்து ஒதுக்குவது எளிது. பள்ளியின் அளவுக்கு ஆட்டத்தையே மாற்றி எழுதினார் அந்த ஆசிரியர். சின்னப் பள்ளியில் ஒரு பையன் வெள்ளிக்கிழமை இரவு ஆடுவான், இடைவேளையில் அதே சீருடையோடு பேண்டு வாத்தியத்தில் ட்ரம்பெட் ஊதுவான், நாடகத்தில் நடிப்பான், ஆண்டு மலருக்குப் படம் எடுப்பான். ஒவ்வொருவரும் எல்லாமாக இருந்தாக வேண்டும். பக்கத்து வீட்டம்மா பேண்டில் கிளாரினெட் வாசித்தவர், நாடகத்தில் இரண்டு வேடம் போட்டவர். பெண்கள் அணி அவர் காலத்தில்தான் தொடங்கியிருக்கிறது. பெண் என்பதற்காகப் பள்ளியில் எதிலும் ஒதுக்கக்கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் வந்தது 1972-ல். அவர் ஒன்பதாவது முடித்ததும் அந்த ஆண்டு வெயில் காலத்தில்தான்.

சாயங்காலம் கைடு ராக் வழியாக ரெட் கிளவுட். ஊரில் ஆயிரம் பேருக்குள்தான். தெருக்கள் செங்கல் பாவியவை. சீக்கிரம் தூங்க வேண்டும்.

சனி மத்தியானம், ரெட் கிளவுட்டிலிருந்து கிளம்பும் முன்

எழுத்தாளர் வில்லா கேதர் வளர்ந்த ஊர் இது. 1883-ல் ஒன்பது வயதில் வர்ஜீனியாவிலிருந்து குடும்பத்தோடு நெப்ராஸ்கா வந்தார், அடுத்த ஆண்டு இந்த ஊருக்கு. 1890-ல் ரெட் கிளவுட் உயர்நிலைப் பள்ளியில் தேறியவர்கள் மொத்தம் மூன்று பேர். இரண்டு பையன்கள், அப்புறம் கேதர். அந்த வயதில் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு 'வில்லியம்' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பட்டமளிப்பு விழா 1885-ல் கட்டிய ஆப்பரா ஹவுஸ் என்ற ஊர் அரங்கில் நடந்தது. மூன்று பேரும் உரையாற்றினார்கள். கேதர் பேசியது மூடநம்பிக்கைக்கு எதிராக, அறிவியல் ஆராய்ச்சிக்கு ஆதரவாக. விலங்குகளை அறுத்துப் பார்த்து ஆராய்ச்சி செய்வதை ஊரில் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே பேசினார்.

ஆப்பரா ஹவுஸ் மாடியில் ஏறினோம். 2003-ல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். மரத்தரை, உயரமான சன்னல்கள், முன்னால் சின்ன மேடை. 1975-ல் இவர்கள் வந்தபோது கட்டடம் பாழடைந்து கிடந்தது, ஆசிரியை தெருவில் நிறுத்திவைத்துத்தான் மேலே கைகாட்டினாராம். "மூன்று பேர் வகுப்பில் ஒரு பெண் அங்கே நின்று தான் நினைத்ததைப் பேசினாள். நீங்கள் 17 பேர் இருக்கிறீர்கள். சின்னப் பள்ளியில் படித்தோம் என்று ஒருநாளும் யாரிடமும் தலைகுனிந்து சொல்லாதீர்கள் என்றார்" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். சொல்லிவிட்டு மேடை மேல் ஏறி நின்று கூடத்தைப் பார்த்தார். நான் படம் எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவில்லை.

சீடர் தெருவில் கேதர் குடும்பம் இருந்த வீட்டின் பரணறையையும் பார்த்தோம். அந்தப் பெண் தானே ஒட்டிய சுவர்க்காகிதம் இன்னும் இருக்கிறது.

இங்கிருந்து மேற்கே அரை மணி நேரத்தில் ஃபிராங்க்ளின். இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும் என்பதால் போகவில்லை, ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஃபிராங்க் சைர் 1900-ல் அங்கே பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் கிராமப்புறக் கல்விப் பேராசிரியர் ஆனார். 1939 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூட்டி, பள்ளிப் பேருந்துகளுக்கு நாடு முழுவதற்கும் 44 தர அளவுகளை வகுக்க வைத்தார். உயரம், அகலம், நடைபாதை, எல்லாவற்றுக்கும் மேலாக நிறம். விடியலிலும் அந்தியிலும் கண்ணில் படுகிற அந்த ஆரஞ்சு கலந்த மஞ்சள், அதன் மேல் கறுப்பு எழுத்து. மூலைமுடுக்குப் பண்ணைகளிலிருந்து பிள்ளைகளைப் பத்திரமாக ஒரு நடுப் பள்ளிக்குக் கொண்டுவர முடியும் என்றாகிவிட்ட பிறகுதான் ஓரறைப் பள்ளிகளை மூடுவதும் எளிதாயிற்று. பக்கத்து வீட்டம்மாவுக்குச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்த பஸ் அது. பின்னாளில் அதே பஸ்தான் அவருடைய பள்ளியையும் அடுத்த ஊருக்குக் கொண்டுபோனது.

சனி நள்ளிரவு தாண்டி, ஊர்

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

விருந்து பழைய பள்ளியின் ஜிம்மில், அதாவது உள்விளையாட்டுக் கூடத்தில். வகுப்பறைப் பகுதியை இடித்துவிட்டார்கள், ஜிம்மை மட்டும் ஊர் சமுதாயக் கூடமாக வைத்துக்கொண்டது. நுழைந்தவுடன் நீளச் சுவர் முழுக்கச் சட்டகங்கள். ஒவ்வொரு ஆண்டும் தேறிய வகுப்புக்கு ஒரு சட்டகம். அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு முட்டை வடிவப் படம், கீழே பெயர், நடுவில் வகுப்பின் வாசகம், வகுப்பின் பூ, வகுப்பின் நிறங்கள். 1920-களில் தொடங்கி, பள்ளி மூடிய ஆண்டோடு சுவரில் இடம் மிச்சமிருக்க நின்றுவிடுகிறது. சில சட்டகங்களில் ஐந்து முகங்கள்தான். வந்தவர்கள் யாரும் முதலில் நாற்காலிக்குப் போகவில்லை, சுவருக்குத்தான் போனார்கள். தன் முகத்தைப் பார்க்கிறார்கள், அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள், பேரனைத் தூக்கித் தாத்தாவின் முகத்தைக் காட்டுகிறார்கள்.

தேவாலயத்துப் பெண்கள் சமைத்திருந்தார்கள். மாட்டிறைச்சி வறுவல், உருளைக்கிழங்கு. கூடவே பள்ளிக்கூட உணவு என்று சொல்லி ஒரு தனி மேசையில் பீன்ஸும் கொத்திய இறைச்சியும் போட்ட சில்லியும், இலவங்கப்பட்டை மணக்கிற சினமன் ரோலும். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடுவது நெப்ராஸ்காப் பள்ளிகளின் மதிய உணவு வழக்கம். வேறு மாநிலங்களிலிருந்து வந்த மருமக்கள் தயங்கி நிற்க, ஊர்க்காரர்கள் ரோலைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். காரமும் இனிப்புமாக எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டாவது முறையும் போய் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் வருகைப் பதிவு. பழைய ஆண்டிலிருந்து வாசித்துக்கொண்டே வருவார்கள். அந்த ஆண்டுக்காரர்கள் எழுந்து நிற்க வேண்டும். முதலில் எழுந்தவர் 1946. தனியாகத்தான் எழுந்தார், இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள. கூடம் முழுக்கக் கைதட்டியது. இப்படியே வந்து 1975 என்றதும் எங்கள் மேசையில் எழுந்தார்கள். 17 பேரில் நான்கு பேர் போய்விட்டார்கள், இருக்கிற 13 பேரில் 11 பேர் வந்திருந்தார்கள். எழுந்தது 12.

பன்னிரண்டாவது பெண் எழுந்திருக்கவில்லை, எழுப்பப்பட்டார். மேசையின் கோடியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவரை என் பக்கத்து வீட்டம்மா போய்க் கையைப் பிடித்து இழுத்தார். "நான் உங்களோடு முடிக்கவில்லையே" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "பாலர் வகுப்பிலிருந்து பதினொன்றாவது வரை எங்களோடு இருந்தாய். எழுந்திரு" என்று பதில்.

1974 இலையுதிர் காலத்தில் அவர் கருவுற்றிருந்தார். வயது 17. பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அமெரிக்காவில் பரவலாக அதுதான் வழக்கம். கருவுற்ற மாணவியைப் பள்ளியிலிருந்து ஒதுக்குவதைத் தடுக்கும் டைட்டில் நைன் விதிகள் நடைமுறைக்கு வந்தது 1975 ஜூலையில். அவருடைய வகுப்பு மே மாதமே அங்கியும் தொப்பியும் போட்டுச் சான்றிதழ் வாங்கிவிட்டது. அதனால் சுவரிலிருக்கும் சட்டகத்தில் அவர் முகம் இல்லை. இத்தனை ஆண்டும் அடுத்த மாவட்டத்தில்தான் இருந்திருக்கிறார். ஒருமுறைகூட விருந்துக்கு வந்ததில்லை. இந்தமுறை வகுப்புத் தோழர் ஒருவர் வீட்டுக்கே போய் நேரில் அழைத்திருக்கிறார்.

விருந்து கலைந்த பிறகும் இவர்கள் மேசை கலையவில்லை. பேச்சு 1975 பனிப்புயலுக்குப் போனது. ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. கிழக்கு நெப்ராஸ்காவையே முடக்கிப்போட்ட புயல் அது. பஸ்கள் கிளம்ப முடியாமல் பண்ணைப் பிள்ளைகள் அன்றிரவு பள்ளியிலேயே தங்கினார்கள், இதே ஜிம்மில். ஒருவர் தொடங்குகிறார்: சமையல்காரம்மா மிச்சமிருந்த மாவையெல்லாம் போட்டு ரொட்டி சுட்டார். இன்னொருவர் இல்லை என்கிறார், ரொட்டி சுட்டது தலைமை ஆசிரியர், சமையல்காரம்மா ஊருக்குள் மாட்டிக்கொண்டார். மூன்றாமவர்: யாரோ விடிய விடியப் பியானோ வாசித்தார்கள். "யாரோ இல்லை, நான்தான்." ஒருவருக்குச் சன்னலில் பனி ஏறியது மட்டும் நினைவிருக்கிறது. இன்னொருவருக்கு, சின்ன வகுப்புக் குழந்தை ஒன்று அழுததும் அதைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்கியதும் நினைவிருக்கிறது. முழுதாக அந்த இரவு ஒருவரிடமும் இல்லை. பதினொரு பேரும் கொண்டுவந்து போட்டுத்தான் அந்த ஜிம் நிறைந்தது. இறந்துபோன நால்வரிடம் இருந்த பங்கு எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பதுகூட இவர்களுக்குத் தெரிகிறது. "அதை அவன்தான் சொல்லுவான்" என்று இரண்டு முறை பேச்சு நின்றது.

அந்தப் பெண் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரவில் அவர் அங்கே இல்லை.

ஞாயிறு, ஊர்

காலை உணவு ஒரு வகுப்புத் தோழரின் பண்ணை வீட்டில். நான் காப்பி ஊற்றிக் கொடுப்பதை என் வேலையாக எடுத்துக்கொண்டேன், கேட்பதற்கு அது வசதி.

இவர்கள் பள்ளி முடித்த அதே 1975-ல் ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார்கள். வெவ்வேறு வயதுக்காரர்கள் 392 பேருக்கு அவர்களுடைய பள்ளி ஆண்டு மலரிலிருந்த படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். பெயரைத் தானாக நினைவுகூரச் சொன்னால் ஆண்டுகள் போகப் போக நிறைய விட்டுப்போகிறது. ஆனால் முகத்தைக் காட்டி, இவர் உங்கள் வகுப்பா என்று கேட்டால், முப்பது ஆண்டுகள் கடந்தவர்களும் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னார்கள். முகம் அவ்வளவு ஆழத்தில் தங்குகிறது. அந்த முகத்தோடு சேர்ந்து நடந்தது என்ன என்பதுதான் ஆளுக்கு ஆள் சிதறிப்போகிறது.

அதைக் கண்ணெதிரே பார்த்தேன். பேச்சு ஆரம்பப் பள்ளிக்கு வந்தது. அதுவரை பேசாமலிருந்த பெண் வாயைத் திறந்தார். என் பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்து, "உனக்கு வாசிக்கும்போது திக்கும், ஞாபகம் இருக்கிறதா?" என்றார். இவர் சொன்னார், ஆமாம், மூன்றாம் வகுப்பு ஆசிரியை பொறுமையாகச் சரிசெய்தார். ஒமாஹா நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசித்தே ஓய்வு பெற்றவர் இவர், அந்த ஆசிரியையைப் பற்றி என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் மெதுவாகத் தலையசைத்தார். "ஆசிரியை உன்னை வாசிக்கச் சொல்வதையே விட்டுவிட்டார். நீ அழுதாய். நாம் இருவரும் மத்தியானம் கோட்டு மாட்டும் அறையில் உட்கார்ந்து ஒரே குரலில் வாசிப்போம். சேர்ந்து வாசித்தால் உனக்குத் திக்காது. பிறகு நான் குரலைக் குறைத்துக்கொண்டே வருவேன், உனக்குத் தெரியாமல். ஒருநாள் நான் நிறுத்தியேவிட்டேன், நீ போய்க்கொண்டே இருந்தாய்."

மேசையில் இருந்த மற்றவர்களுக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டம்மாவுக்கே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, "கோட்டு அறையில் கம்பளி நனைந்த வாசனை வரும்" என்றார். அப்புறம் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காலை முழுக்க அங்கிருந்து நகரவில்லை.

ஒருவரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டால் அவரோடு மற்றவர்களின் ஒரு பகுதியும் போய்விடுகிறது. எட்டு வயதில் தனக்கு யார் துணையிருந்தார்கள் என்பது இத்தனை காலமும் அடுத்த மாவட்டத்தில் ஒரு வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது, கேட்க ஆளில்லாமல். நேற்றுவரை சின்னப் பள்ளிகளை மூடுவதுதான் பெரிய இழப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டடம் போனதை இவர்கள் தாங்கிக்கொண்டார்கள். ஜிம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, மேசை இருக்கிறது. அந்த மேசைக்கு யாரை அழைக்காமல் விட்டோம் என்பதுதான் இவர்களை உறுத்துகிறது.

மத்தியானம் எல்லோருமாக ஜிம்முக்குத் திரும்பிப் போனார்கள். சட்டகத்தின் முன் நின்று ஏதோ கலந்து பேசினார்கள். நான் நாற்காலிகளை மடக்கி அடுக்க உதவிக்கொண்டிருந்தேன்.

திங்கள், ஒமாஹா

காலையில் கல்லறைத் தோட்டம். இந்த வாரத்தில்தான் பியோனியும் ஐரிஸும் பூக்கும், வீட்டுத் தோட்டத்தில் வெட்டிக் காப்பி டப்பாக்களில் வைத்து எடுத்து வருகிறார்கள். போர்வீரர்களின் கல்லறைகளில் சின்னக் கொடிகள். வியட்நாமில் இறந்த அண்ணனுக்கு வகுப்புத் தோழர் ஒருவர் பூ வைத்தபோது மற்றவர்கள் கூட நின்றார்கள். வகுப்பின் பூ மஞ்சள் ரோஜா. நான்கு தோழர்களின் கல்லறையிலும் ஒவ்வொன்று வைத்தார்கள். அந்தப் பெண்ணும் வந்திருந்தார், பள்ளி நாட்களில் அவருக்கு மிகவும் நெருக்கமாயிருந்த ஒருத்தியின் கல்லறையில் ரோஜாவை அவர் கையால் வைக்கச் சொன்னார்கள்.

பிறகு 81-ம் எண் சாலையில் யார்க் வரை வடக்கே, அங்கிருந்து 80-ம் எண் நெடுஞ்சாலை. சாயங்காலத்துக்குள் வீடு.

1975 சட்டகத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள், என் காரின் பின் இருக்கையில் போர்வை சுற்றி வந்து சேர்ந்தது. ஒமாஹாவில் படச்சட்டகம் செய்பவரிடம் கொடுத்து, அதே அளவில் பதினெட்டாவது படம் ஒன்றைச் சேர்க்க வேண்டும், கோடை முடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். அந்தப் பெண் இரண்டு படங்கள் கொடுத்திருக்கிறார். ஒன்று 1974 ஆண்டு மலரில் வந்தது, இன்னொன்று நேற்றுப் பண்ணை வீட்டு வாசலில் எடுத்தது. எதை வைப்பது என்று வகுப்பே வாக்களிக்கிறது. பழைய படத்துக்கு ஏழு பேர், புதியதற்கு நான்கு பேர். வர முடியாத இருவருக்கும் பக்கத்து வீட்டம்மா இப்போது போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.